சாவே கிடையாது, ஆனா ஒரு நத்தை உங்களையே தேடி வந்துட்டு இருக்கும். ஒத்துப்பீங்களா?

அஸ்தம்பட்டி அப்பா

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் இங்க போடுறேன். நெட்டுல ரொம்ப நாளா சுத்துற கேள்வி தான், நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. உங்களுக்கு வயசே ஆகாது, நோய் வராது, ஆக்சிடென்ட்லயும் சாக மாட்டீங்க, கையில சில கோடி பணமும் குடுத்துடுவாங்க. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. எங்கயோ ஒரு நத்தை இருக்கும், அதுக்கும் சாவு கிடையாது. நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுக்கு எப்பவும் தெரியும், உங்கள நோக்கி ஊர்ந்துட்டே இருக்கும், உங்க மேல பட்டுச்சுன்னா அந்த நிமிஷமே உயிர் போயிடும். மத்தவங்க தொட்டா ஒண்ணும் ஆகாது. ஒத்துப்பீங்களா மாட்டீங்களா?

என் பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. ஸ்கூல்ல யாரோ கேட்டிருக்காங்க, சாயங்காலம் வண்டில பின்னாடி உக்காந்துட்டு என்கிட்ட கேட்டா. நான் யோசிக்கவே இல்ல, "ஒத்துக்குவேன் பாப்பா, நத்தை என்னைக்கு வந்து சேரப் போகுது"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் நோட்டுல கணக்கு போட்டோம். செகண்டுக்கு 1 மில்லிமீட்டர்னு வச்சா மணிக்கு 3.6 மீட்டர், நாளுக்கு 86 மீட்டர், வருஷத்துக்கு 31 கிலோமீட்டர் சொச்சம். நம்ம சேலத்துல இருந்து ஏற்காடு ரோட்டு வழியா கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அதாவது நத்தையை இங்க விட்டுட்டு நாம மேல போய் வீடு எடுத்தா, 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஒரே வருஷத்துல வாசப்படிக்கு வந்துடும்.

அதைப் பாத்ததும் பாப்பா பென்சிலை கீழ வச்சுட்டா. "அப்போ வருஷா வருஷம் ஊர் மாறணும்ல, நானும் ஸ்கூல் மாறணுமா, இல்ல நீ மட்டும் போயிடுவியா?"ன்னு கேட்டா. எனக்கு வாயே வரல.

இன்னொன்னும் சொல்லிடுறேன், இல்லன்னா ஏன் இவ்ளோ சீரியஸா கேக்குறேன்னு உங்களுக்குப் புரியாது. போன ஆடியில எங்க அம்மா தவறிட்டாங்க, தூக்கத்துலயே. பக்கத்துல படுத்திருந்தது என் பொண்ணு. அன்னைல இருந்து ராத்திரி எந்திரிச்சு வந்து என் மூக்குக்கு கீழ விரலை வச்சுப் பாக்குறா. நான் தூங்குற மாதிரியே படுத்திருப்பேன். மூச்சு படுதான்னு பாத்துட்டு போய் படுத்துக்குவா. அதனால அவளுக்கு இது விளையாட்டு கேள்வி இல்ல. நீங்க என்ன பதில் சொல்லுவீங்க, பத்து வயசுப் புள்ளைக்கு எப்படி சொல்லுவீங்க, ரெண்டும் எழுதுங்க.

---

எண்கணக்கு

அண்ணா, முதல்ல உங்க கணக்குல ஒரு திருத்தம். வளைவு வளைவா ஏறுறது பஸ்ஸுக்கு தான், நத்தைக்கு ரோடு தேவையே இல்ல. நேர்கோட்டுல பாத்தா சேலம் டவுனுக்கும் ஏற்காட்டுக்கும் அந்த 30ல பாதி தான் வரும். பாறையில ஒட்டிக்கிட்டே நேரா ஏறிட்டா ஆறு மாசத்துல மேல இருக்கும். சென்னைக்கு ஓடுனா ரோட்டுக் கணக்குல 340 கிலோமீட்டர், ஒரு 11 வருஷம் கிடைக்கும். பூமியோட மறுபக்கம் போனா தான் 630 வருஷம், ஆனா சேலத்துக்கு நேர் மறுபக்கம் பெரு நாட்டுக்கு மேற்கே நடுக்கடல், அங்க போய் என்ன பண்றது.

ஆனா வேகம் ஒரு விஷயமே இல்ல. வாய்ப்பு தான் விஷயம். ரொம்ப ஜாக்கிரதையா இருக்கீங்க, ஒரு வருஷத்துல அது உங்களைத் தொடுறதுக்கு நூத்துல ஒரு பங்கு தான் வாய்ப்புன்னு வைங்க. 100 வருஷம் தாண்டுறதுக்கே 37 சதவீதம் கூட வராது. 500 வருஷம் தாண்டுறது 1 சதவீதத்துக்கும் கீழ. சாகாவரம்னு பேரு தான், சராசரியா 100 வருஷ ஆயுசு. நூத்துல ஒண்ணுக்கு பதிலா ஆயிரத்துல ஒண்ணுன்னு வச்சா சராசரி 1000 வருஷம். எவ்ளோ குறைச்சாலும் அது ஒரே அளவுல நிக்கிற வரைக்கும் ஒரு நாள் மாட்டுறது உறுதி.

இதுல தான் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கு. வருஷா வருஷம் அந்த வாய்ப்பை பாதியாக்கிட்டே போனா? முதல் வருஷம் 1 சதவீதம், அடுத்தது அரை, அதுக்கடுத்தது கால், இப்படியே போனா முடிவில்லாத காலத்துக்கும் சேத்துக் கூட்டுனாலும் 2 சதவீதத்தைத் தாண்டாது. அதாவது என்னைக்கும் தப்பிச்சுட்டே இருக்குறதுக்கு 98 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதுக்கு ஓடக் கூடாது, அதைக் கண்டுபிடிச்சு அடைக்கணும். ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலைப் பாறை சார்னோகைட்னு ஒரு கெட்டிப் பாறை, 250 கோடி வருஷத்துப் பழசு. அதுல ஆழமா துளை போட்டு வேற ஆளை விட்டு உள்ள வச்சு மூடிட்டா முடிஞ்சுது.

நான் ஒத்துக்குவேன். ஏன்னு சொல்றேன். 2012 ஜூன் மாசம் வெள்ளி கிரகம் சூரியனுக்கு குறுக்கால போச்சு. அன்னைக்கு காலைல ஸ்கூல் கிரவுண்டுல கறுப்புக் கண்ணாடி வழியா பாத்தேன், பெரிய ஆரஞ்சு வட்டத்துல மிளகு மாதிரி ஒரு புள்ளி. எங்க பிசிக்ஸ் சார் பக்கத்துல நின்னு "நல்லா பாத்துக்கங்கடா, அடுத்தது 2117ல தான், உங்கள்ல ஒருத்தனும் பாக்க மாட்டீங்க"ன்னாரு. அன்னைக்கு எனக்கு கோவமே வந்துச்சு. இன்னும் போகல. ஹேலி வால்நட்சத்திரம் 2061ல வரும், அதைக் கூடப் பாத்துடலாம். 2117 தான் முடியாது. எனக்கு அது வேணும்.

---

மலைக்காபி

தம்பி, நான் ஏற்காட்டுல எஸ்டேட்ல ரைட்டரா இருக்கேன், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் கொண்டாந்து வச்ச காபி, அந்தச் செடிக்கு நடுவுல தான் எங்க பொழப்பு. நத்தையைப் பத்தி கொஞ்சம் தெரியும், சொல்றேன்.

நத்தைக்கு கண்ணு கொம்பு நுனியில இருந்தாலும் வெளிச்சம் இருட்டு தெரியுமே தவிர உருவம் சரியாத் தெரியாது. வாசனை தான் அதுக்கு எல்லாம். பகல்ல கிளம்பாது, ராத்திரியும் மழையும் தான் அதோட நேரம். வழுவழுன்னு ஒரு சளியை விட்டு அது மேலயே ஊர்றதால பிளேடு முனையில போனாலும் அறுபடாது. கண்ணாடி, தகரம், தலைகீழா கூரை, எதுலயும் போகும். சத்தமே இருக்காது, அதை நினைச்சுப் பாருங்க. புலி வந்தா குரங்கு கத்தும், பாம்பு வந்தா மைனா கத்தும். நத்தை வந்தா யாரும் கத்த மாட்டாங்க.

மாசி பங்குனில இங்க வந்து பாருங்க, ஒரு நத்தை கண்ணுல படாது. சில்வர் ஓக் மரத்துலயும் கல்லுக்கட்டு இடுக்குலயும் ஒட்டிக்கிட்டு, ஓட்டோட வாயை அப்பளம் மாதிரி ஒரு காஞ்ச தோலால மூடிக்கிட்டு தூங்கும். மாசக்கணக்கா அப்படியே கெடக்கும். செத்துடுச்சுன்னு நினைப்போம். முதல் கோடை மழை நாலு தூறல் விழட்டும், அந்தத் தோலைத் தள்ளிட்டு தலை வெளிய வரும். கணக்குத் தம்பி நாளுக்கு 86 மீட்டர்னு ஒத்துக்குறாரே, நிஜ நத்தை அப்படி நிக்காம நடக்கவே நடக்காது.

இன்னொன்னு, நத்தை ஊர் ஊரா பரவுறது நடந்து இல்ல. கேரளாவுல ஆப்பிரிக்க நத்தை இத்தனை ஊருக்குப் போனது மண்ணோட, நாத்தோட, மரத்தடியோட லாரில ஏறி. முட்டைகோஸ் மூட்டையில ஒட்டிக்கிட்டா ஒரே ராத்திரில சென்னை. உங்க 11 வருஷக் கணக்கு அங்கயே போச்சு.

பாறையில துளை போட்டு அடைக்குறதைப் பத்தி. அந்தப் பாறை பழசு தான், நிலையானது இல்ல தம்பி. மலை உச்சியில பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஃபேக்டரிக்கு அனுப்புனாங்களே, அது என்னன்னு நினைச்சீங்க? அதே சார்னோகைட் மழையில ஊறி ஊறி மக்கிப் போனது தான். கையில எடுத்தா உதிரும். நீங்க சாகாம இருக்கப் போறீங்க, நத்தையும் சாகாம இருக்கப் போகுது, நடுவுல இருக்குற பாறை மட்டும் தான் கரையும்.

பாப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க. மழை நாள்ல ஒரு தடவை மேல கூட்டிட்டு வாங்க, நிஜ நத்தையைக் காட்டுங்க. பயம் படத்துல பாக்குறப்போ தான் பெருசு.

---

அம்மாபேட்டை தறி

நான் மாட்டேங்க. பகல்ல ஓடிக்கலாம். தூங்குறது எப்படி? அண்ணன் பொண்ணு எந்திரிச்சு வந்து மூக்குல விரல் வைக்குதே, இந்த வரத்தை வாங்குனா நாம ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான் எந்திரிச்சு கட்டில் காலைப் பாத்துட்டு படுக்கணும்.

---

ராத்திரி டூட்டி

அண்ணா, நான் சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில டயாலிசிஸ் யூனிட்ல நர்ஸ். உங்க போஸ்ட் படிச்சதுல இருந்து ஒரு விஷயம் எழுதணும்னு இருக்கு.

எங்ககிட்ட வர்றவங்களுக்கு துரத்துறது நத்தை இல்ல, தண்ணியும் பொட்டாசியமும். கிட்னி வேலை செய்யலன்னா உடம்புல சேர்ற தண்ணி நுரையீரலுக்குப் போகும், பொட்டாசியம் ஏறுனா இதயம் நின்னுடும். வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல போட்டு அதைப் பின்னாடி தள்ளி விடுறோம். தள்ளி விட்ட நிமிஷத்துல இருந்து அது திரும்ப நடந்து வர ஆரம்பிச்சுடும். திங்க, புதன், வெள்ளி வர்றவங்களுக்கு சனி ஞாயிறு தாண்டி வர்ற திங்கக்கிழமை தான் பயம், ஒரு நாள் கேப் அதிகம்ல. அந்த ரெண்டு நாள்ல ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சாலும் எடையில தெரிஞ்சுடும். அவங்க வாழ்க்கையே ஒரு நடக்குற கணக்கு தான்.

அயோத்தியாப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு தாத்தா வர்றாரு, மாந்தோப்பு வச்சிருக்காரு. மாம்பழம் அவருக்கு ஆகாது, அதுல பொட்டாசியம் இருக்கு. சீசன்ல எங்களுக்கு ஒரு கூடை மல்கோவா கொண்டு வருவாரு. ஊசி குத்தாத கையில ஒரு பழத்தை எடுத்து காம்புக்கிட்ட மோந்து பாப்பாரு, கட்டை விரலால லேசா அமுக்குவாரு, "இது இன்னைக்கு சாப்பிடு, இது நாளானிக்கு"ன்னு எங்களுக்கு பிரிச்சு வைப்பாரு. நாலு மணி நேரமும் ஒரு பழம் அவர் வயித்து மேல தான் இருக்கும்.

நேத்து அவர்கிட்ட உங்க கேள்வியைக் கேட்டேன். கேக்கலாமா வேணாமான்னு தயங்கித் தான் கேட்டேன். முழுசாக் கேட்டுட்டு "ஒரு ஊர்ல எத்தன நாளும்மா இருக்க முடியும்?"ன்னாரு. ஒரு வருஷம்னு வைங்க தாத்தான்னேன். "ஒட்டுச் செடி வச்சாலே ஒழுங்கா காய்க்க அஞ்சு வருஷம் ஆவும். வருஷத்துக்கு ஒரு ஊரு மாறுனா எந்த மரத்துக் காயை நான் பறிக்கிறது? வேணாம்மா, அந்தப் பணத்தை அவங்களே வச்சுக்கட்டும்"னு சொல்லிட்டு கண்ணை மூடிக்கிட்டாரு. மெஷினை நம்பி இருக்குற மனுஷன், சாகாவரத்தை வேணாம்னு சொல்றதுக்கு அவருக்கு அரை நிமிஷம் கூட ஆகல.

நான் ஒத்துப்பேனான்னா, அதுக்கப்புறம் எனக்கும் வேணாம்னு தான் தோணுது. ஆனா எங்க வார்டுல வேணும்னு சொல்றவங்களும் நிறைய பேர் இருப்பாங்க, சின்னப் புள்ளைங்க வச்சிருக்குற அம்மாங்க. அவங்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். புள்ளை காலேஜ் முடிக்கிற வரைக்கும் நத்தை கூட ஓடுறேன்னு தான் சொல்லுவாங்க.

அண்ணா, பாப்பா விரல் வைக்கிறப்போ தூங்குற மாதிரி இருக்காதீங்க. கையைப் பிடிச்சுக்குங்க. நான் ராத்திரி ரவுண்ட்ஸ் போறப்போ தினமும் அதைத்தான் பண்றேன், மூச்சு இருக்கான்னு பாக்குறது. முழிச்சிருக்குறவங்க ஒரு வார்த்தை பேசிட்டா எனக்கே தெம்பா இருக்கும்.

---

சிவதாபுரம் கொலுசு

எங்க பட்டறையில இருந்து பாத்தா கஞ்சமலை தெரியும். அந்த மலைக் கதையை சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவன் நான், அதனால எழுதுறேன். சாகாம இருக்குற மூலிகையைத் தேடி குருவும் வயசான சீடரும் மலைக்கு வந்தாங்களாம். சீடர் சோறு ஆக்குறப்போ கரண்டி இல்லாம பக்கத்துல கெடந்த ஒரு குச்சியை எடுத்து கிண்டிட்டாரு, சோறு மொத்தமும் கறுத்துப் போச்சு. குரு வந்தா திட்டுவாரேன்னு பயந்து அந்தச் சோத்தை தானே தின்னுட்டாரு, குரு வந்து பாக்குறப்போ கிழவனைக் காணோம், ஒரு சின்னப் பையன் நிக்கிறான். அந்த இடத்துல தான் சித்தர் கோயில், அமாவாசைன்னா கூட்டம் தாங்காது. நான் எப்பவும் யோசிக்கிறது என்னன்னா, தேடி வந்தவருக்கு முதல்ல கிடைக்கல, திட்டு வாங்காம இருக்கணும்னு நினைச்சவருக்குக் கிடைச்சுது.

இன்னொன்னு பக்கத்து ஊரு கதை. தகடூர் அதியமான், அதாவது நம்ம தருமபுரி. ரொம்ப நாள் வாழ வைக்கிற நெல்லிக்கனி கையில கிடைச்சும், அதோட குணத்தை வெளிய சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஔவைக்குக் குடுத்துட்டான், புறநானூறு 91ல ஔவையே அதைப் பாடியிருக்கா. இது வரைக்கும் ஸ்கூல் புக்குல வரும். அதுக்கப்புறம் நடந்ததைத் தான் யாரும் சேத்து யோசிக்கிறது இல்ல. கனியைக் குடுத்தவன் சண்டையில செத்துட்டான். கனியைத் தின்ன ஔவை இருந்து அவனுக்கு இரங்கல் பாடுனா, 235ஆம் பாட்டு. கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துடுவானே, நிறைய கிடைச்சா நாங்க பாட அவனும் கூட உக்காந்து குடிப்பானேன்னு ஒண்ணொண்ணா சொல்லி அழுவுறா. அவன் மார்பைத் துளைச்ச வேல் பாடுறவங்க பாத்திரத்தையும் துளைச்சுடுச்சுங்குறா. ஆயுசை வாங்குனவ கையில மிஞ்சுனது அந்தப் பாட்டு தான். கணக்குத் தம்பி, 2117ல வெள்ளியைப் பாப்பீங்க, சரி. பாத்துட்டு யார்கிட்ட போய் சொல்லுவீங்க? உங்க பிசிக்ஸ் சார் இருக்க மாட்டாரே.

---

எண்கணக்கு

கொலுசு அண்ணா சொன்னது நேரா வந்து பட்டுடுச்சு. சார்கிட்ட போய் "பாத்துட்டேன் சார்"னு சொல்றதுக்குத் தான் அது வேணும்னு இப்போ தான் எனக்கே தெரியுது. ஆனாலும் நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். புதுசா யாராவது பக்கத்துல நிப்பாங்க, ஒரு பத்து வயசுப் புள்ள நிக்கும், அதுக்குக் கண்ணாடியைக் குடுப்பேன், 2012ல எப்படி இருந்துச்சுன்னு சொல்லுவேன். மலைக்காபி அய்யா, பாக்சைட் விஷயம் எனக்குத் தெரியாது, நீங்க சொன்னது சரி. என் 98 சதவீதம் பாறை கரையுற வரைக்கும் தான்.

---

அஸ்தம்பட்டி அப்பா

எல்லாருக்கும் நன்றிங்க. ஒவ்வொண்ணையும் பாப்பாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன், ஔவை அழுத இடத்துல கொஞ்ச நேரம் பேசல.

மலைக்காபி அண்ணா சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை தூறல்லயே வண்டி எடுத்துட்டு ஏறிட்டோம். மேல போய் ஒரு வளைவுல டீ குடிக்க நிறுத்துனப்போ கைப்பிடிச் சுவர்ல ஒரு நத்தை, கட்டை விரல் அளவு தான் இருக்கும், பாசி மேல போயிட்டு இருந்துச்சு. பாப்பா பையில இருந்து ஒரு அடி ஸ்கேலை எடுத்து பக்கத்துல வச்சா, நான் போன்ல டைம் பாத்தேன். நடுவுல ஒரு தடவை நின்னு கொம்பை உள்ள இழுத்துக்கிட்டு யோசிச்சுது, அப்புறம் கிளம்புச்சு. 30 சென்டிமீட்டருக்கு நாலே முக்கால் நிமிஷம். நாங்க போட்ட 1 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட சரி. டீ ஆறிப் போச்சு, ரெண்டு பேரும் நனைஞ்சுட்டோம். கடைசில அவ விரல் நுனியால ஓட்டைத் தொட்டா. "சில்லுன்னு இருக்குப்பா"ன்னா.

வீட்டுக்கு வந்து திரும்பக் கணக்கு போட்டா. மழை மாசம் ஆறு, அதுலயும் ராத்திரி பன்னெண்டு மணி நேரம் மட்டும் நடந்தா வருஷத்துக்கு 8 கிலோமீட்டர் கூட வராது, ரோட்டு வழியா ஏற்காட்டுக்கு வர நாலு வருஷம் ஆகும், அதுக்குள்ள நான் ஒன்பதாவது முடிச்சுடுவேன்னு சொன்னா. மாந்தோப்பு தாத்தா சொன்னதுக்கு இன்னும் ஒரு வருஷம் குறையுதேன்னும் அவளே சொன்னா.

நர்ஸ் தங்கச்சி, நீங்க சொன்ன மாதிரி ராத்திரி அவ வந்தப்போ கையைப் பிடிச்சுக்கிட்டேன். பயந்து போய் "முழிச்சா இருக்க?"ன்னா. ஆமா தங்கம், தினமும் முழிச்சுத்தான் இருப்பேன்னு சொன்னேன். பக்கத்துல படுத்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசுனா. நான் ஒத்துக்க மாட்டேன், நீ இருக்குற ஊர்லயே நானும் இருப்பேன், நத்தை இல்லாட்டியும் என்னைக்கோ ஒரு நாள் பாட்டி மாதிரி ஆகும், ஆனா இப்போ இல்லன்னு தான் நினைக்கிறேன்னு உள்ளதைச் சொன்னேன்.

அதுக்கு அவ சொன்னது இது. "நீ ஒத்துக்கப்பா. பங்குனில அது தூங்குதுல்ல, அப்போ நான் போய் எடுத்து டப்பால போட்டு மேட்டூர் தாண்டி விட்டுட்டு வந்துடுறேன், எனக்குத் தான் ஒண்ணும் ஆகாதே, வருஷா வருஷம் போயிட்டு வர்றேன்."

மலைக்காபி அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. வாயை மூடிக்கிட்டு தூங்குற நத்தையைப் பாறையில இருந்து பிச்சு எடுத்தா அந்தக் காஞ்ச தோல் கிழிஞ்சுடுமா, அதுக்கு வலிக்குமான்னு. தெரிஞ்சா சொல்லுங்கண்ணா, காலைல ஸ்கூல் போறதுக்குள்ள கேப்பா.